கேளுங்க, சொல்லுதேன்: செங்கோட்டை ரயிலும் எல்லைக்கோடும்

போன இதழ்ல குற்றாலம் சீசன் பத்தி ஒரு பதில் எழுதும்போது, "செங்கோட்டை ஸ்டேஷன்ல இறங்கிப் போங்க, அந்த ஊருக்கே தனியா ஒரு கதை இருக்கு"ன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த ஒரு வரியைப் புடிச்சுக்கிட்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீங்கன்னு நினைக்கல. எங்க ஆச்சி வீடு செங்கோட்டை, சின்ன வயசுல முழுப்பரீட்சை லீவு பூரா அங்க தான், அதனால இந்த வாரம் பக்கம் முழுக்க அந்த ஊருக்கே ஒதுக்கியாச்சு.

அண்ணாச்சி, செங்கோட்டைன்னு பேரு இருக்கு, நானும் ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டேன், கோட்டையைக் காணோமே? (வாசகர், ராஜபாளையம்)

கோட்டைன்னு மதில் சுவரும் அகழியுமா தேடினா கிடைக்காது தம்பி. கேரளாவுல இருந்து புளியரை வழியா ஊருக்குள்ள வர்ற ரோட்டுல ஒரு பெரிய வளைவு இருக்கு பாருங்க, ரெண்டு பக்கமும் துவாரபாலகர் நிப்பாங்க, அதைத் தான் எல்லாரும் காட்டுவாங்க. அடுத்த தடவை போகும்போது அதுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாருங்க, உச்சியில ஒரு சங்கு இருக்கும். அது திருவிதாங்கூர் ராஜாவோட முத்திரை, இன்னைக்குக் கேரளாவோட தெக்குப் பகுதியா இருக்கற சீமையை ஆண்ட சமஸ்தானம் அது. லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடிச்சுக்கிட்டு கீழ போயிட்டே இருக்கும், மேல அந்தச் சங்கு தன் பாட்டுக்கு உக்காந்திருக்கும். இந்த ஊரு யாருக்குச் சொந்தமா இருந்துச்சுங்கறதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

ஐயா, நான் ரயில்வேல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். செங்கோட்டை ஒரு சின்ன ஊரு, அந்தக் காலத்துலயே மலையைக் குடைஞ்சு அங்க லைன் போட்டாங்களே, அவ்வளவு செலவு பண்ண என்ன அவசியம்? (வாசகர், விருதுநகர்)

நல்ல கேள்வி ஐயா, இதுக்குக் கொஞ்சம் நீளமா பதில் சொல்லுதேன், பொறுத்துக்கிடணும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில மனுசன் லேசா கடந்து போற மாதிரி கணவாய் ரொம்பக் கம்மி. பாலக்காடு பெரிய வழி. தெக்க வந்தா ஆரியங்காவு. பாலக்காடு மாதிரி அகலம் கிடையாது, ஆனா மாட்டு வண்டி போகும், பொதி சுமந்த ஆளு போவான். கிழக்க இருந்து நெல்லு, வத்தல், பருத்தி, மாடு எல்லாம் மேற்க போகும், அங்க இருந்து தேங்கா, மிளகு, மரம்னு இங்க வரும். இந்த வழி எவ்வளவு முக்கியமா இருந்துச்சுன்னா, ரயில் வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே 1877ல புனலூர்ல கல்லடை ஆத்து மேல தொங்குபாலம் கட்டிட்டாங்க, அது இன்னைக்கும் நிக்குது, ஆளுங்க நடந்து போய்ப் பாக்காங்க.

அப்போ திருவிதாங்கூருக்குப் பெரிய வியாபார ஊரு கொல்லம். துறைமுகம் இருந்துச்சு, மலையில தோட்டங்க வந்துட்டு இருந்துச்சு. அந்தச் சரக்கை வெளிய கொண்டு போக ரயில் வேணும்னு சமஸ்தானம் நினைச்சது, மெட்ராஸ் மாகாண அரசுக்கும் அது தேவையா இருந்துச்சு, சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி கட்டிக் குடுக்கத் தயாரா இருந்துச்சு, இப்படி மூணு தரப்பும் சேர்ந்து தான் இந்தப் பாதை வந்தது. திருநெல்வேலி பக்கத்துல இருந்து தண்டவாளம் கல்லிடைக்குறிச்சி, தென்காசின்னு நகர்ந்து நகர்ந்து செங்கோட்டைக்கு வந்து நின்னுச்சு, கொல்லம் பக்கத்துல இருந்து புனலூர் வரைக்கும் வந்து நின்னுச்சு, நடுவுல மலை. அந்த மலைப் பகுதியையும் முடிச்சு 1904 நவம்பர்ல கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல முழுசா ரயில் ஓட ஆரம்பிச்சுது. ராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலம் அது. எல்லாம் மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர் இடைவெளி உள்ள குறுகலான பாதை.

இப்போ நான் சொல்லப் போற விஷயத்தைத் தான் நிறைய பேரு மறந்துட்டாங்க. 1918ல அந்த லைனை கொல்லத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு நீட்டினாங்க. ஆனா எர்ணாகுளத்துக்கும் கொல்லத்துக்கும் நடுவுல தண்டவாளமே கிடையாது, அந்தப் பக்கம் போகணும்னா படகு, அப்புறம் பஸ். நாகர்கோவில் பக்கமும் ரயில் கிடையாது, அதெல்லாம் 1979லயும் 1981லயும் வந்தது. அப்போ யோசிச்சுப் பாருங்க. திருவனந்தபுரத்துல இருந்து ஒருத்தர் ரயில்லயே மெட்ராஸ் போகணும்னாலும் சரி டெல்லி போகணும்னாலும் சரி, செங்கோட்டையைத் தாண்டாம போக முடியாது! எர்ணாகுளம் கோட்டயம் லைன் வந்து, 1958ல கோட்டயம் கொல்லம் லைனும் சேர்ற வரைக்கும், அதாவது அம்பது வருஷத்துக்கும் மேல, கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்துல இருந்து வெளி உலகத்துக்கு இருந்த ஒரே ரயில் வாசப்படி இந்தச் சின்ன ஊரு தான். ராஜா வீட்டு ஆளு, திவான், வக்கீல், காலேஜ்ல படிக்கப் போற பிள்ளைங்க, மிளகு வியாபாரி, பட்டாளத்துக்குப் போறவன், எல்லாரும் இந்த பிளாட்பாரத்தைப் பாத்துட்டுத் தான் போயிருக்கணும்.

அதனால ஐயா, செங்கோட்டை ஓரத்துல இருக்கற ஊருன்னு சொன்னா எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும். ரெண்டு சீமைக்கும் நடுவுல இருந்த ஊரு அது. கோடு போட்டவங்க தான் அதை ஓரமாக்கினாங்க.

அண்ணா, ரயில்ல போகும்போது தமிழ்நாடு எங்க முடியுது கேரளா எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

குகை தான்ம்மா எல்லை. செங்கோட்டையை விட்டா அடுத்து பகவதிபுரம், தமிழ்நாட்டுப் பக்கத்துல கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டின உடனே பெரிய குகை ஒண்ணு வரும், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம், அதுக்குள்ள நுழையும்போது நீங்க தென்காசி மாவட்டம், வெளிய வரும்போது கொல்லம் மாவட்டம். ரோட்டுல போனா கோட்டைவாசல்னு சொல்லுவாங்க, அங்க எல்லை.

மீட்டர் கேஜ் காலத்துல அந்தக் குகையைக் கடந்தது எனக்கு இன்னும் நேத்து மாதிரி இருக்கு. பகவதிபுரத்துல வண்டி நிக்கும்போதே தாத்தா எந்திரிச்சு ஷட்டரை இறக்கச் சொல்லுவாரு, நாங்க பிள்ளைங்க இறக்க மாட்டோம்னு அடம் புடிப்போம். வண்டிக்கு முன்னாடி ஒரு எஞ்சின் பின்னாடி ஒரு எஞ்சின், மலைன்னா அப்படித் தான், ஏத்தத்துல பின்னாடி இருந்து தள்ளணும், இறக்கத்துல புடிச்சுக்கிடணும். முன் எஞ்சின் குகைக்குள்ள போன சத்தம் முதல்ல மாறும், அப்புறம் ஒவ்வொரு பெட்டியா இருட்டு வந்துக்கிட்டே இருக்கும், நம்ம பெட்டிக்கு வந்த நொடியில மொத்தப் பெட்டியும் "ஓஓஓ"ன்னு கத்தும், பெரிய ஆளுங்களும் சேர்ந்து தான். உள்ள ஈரக்கல்லு வாசனை, புகை, மேல இருந்து சொட்டு சொட்டா தண்ணி கையில விழும். லைட்டு இருந்தாலும் மங்கலா தான் எரியும். எதிர்ல இருக்கறவங்க முகம் தெரியாது, வளையல் சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் தூரத்துல ஒரு வெள்ளைப் புள்ளி, அது பெருசாகிப் பெருசாகி, வெளிய வந்தா வேற தேசம். நாங்க புறப்படும்போது செங்கோட்டையில சுள்ளுன்னு வெயிலு, குகைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டிக்கிட்டு இருக்கும். தென்மேற்குப் பருவக் காத்து மலையில மோதி அந்தப் பக்கமே முக்காவாசி மழையைக் கொட்டிருது, மிச்சம் மீதி தான் சாரலா கணவாய் வழியா நம்ம பக்கம் வருது, குற்றாலத்துச் சாரலும் அது தான். ஜூன் ஜூலையில போனீங்கன்னா ஒரு கிலோமீட்டர்ல ரெண்டு வானத்தையும் பாத்துரலாம்.

அதுக்கு அடுத்து ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒத்தக்கல், எடமண், புனலூர். இந்தப் பேரையெல்லாம் வரிசையா ஒப்பிச்சுக்கிட்டே போவோம். கழுதுருட்டி கிட்ட பதிமூணு கண்ணு பாலம் வரும், முழுக்க கருங்கல்லு, ரோட்டுக்குப் பக்கத்துலயே நிக்கும். ரயில்ல இருந்தா அந்தப் பாலம் மேல நீங்க போறீங்க, அதனால பாலத்தோட அழகு தெரியாது. ஒரு தடவை பஸ்லயோ பைக்லயோ போய்க் கீழ நின்னு, மேல ரயில் போறதைப் பாருங்கம்மா.

செங்கோட்டை முன்னாடி கேரளாவுல இருந்துச்சுன்னு என் ரூம்மேட் சொல்றான், நான் இல்லன்னு சொன்னேன், பந்தயம் கட்டியிருக்கோம். யாரு ஜெயிச்சது? (வாசகர், கோயம்புத்தூர்)

ரெண்டு பேருமே முழுசா ஜெயிக்கல தம்பி. கேரளான்னு ஒரு மாநிலம் பொறந்ததே 1956 நவம்பர் 1. அன்னைக்குத் தான் செங்கோட்டை மெட்ராஸ் மாநிலத்தோட, திருநெல்வேலி ஜில்லாவோட சேர்ந்துச்சு. அதனால அது ஒரு நாள் கூட கேரளாவுல இருந்ததில்ல. அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949ல இருந்து திருவிதாங்கூர் கொச்சி. 2019ல இருந்து தென்காசி மாவட்டம்.

ஆனா "சமஸ்தானத்துல இருந்துச்சு"ன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போனா அந்த வாழ்க்கை புரியாது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல எட்டு கிலோமீட்டர், பேச்சு ஒண்ணு, சொந்தம் ஒண்ணு, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற ஊருங்க. ஆனா தென்காசியில வெள்ளைக்காரன் ரூவா, அணா. செங்கோட்டையில சக்கரம், பணம், காசு. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூவா. ஆக அவங்க ரூவாய்க்கு 28 சக்கரம், வெள்ளைக்காரன் ரூவாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். சந்தையில காய் விக்கற ஆச்சி கூட இந்தக் கணக்கை மனசுலயே போடணும்ல.

தபாலும் தனி. சமஸ்தானத்து தபாலுக்குப் பேரு அஞ்சல், மணி கட்டின கோலை வச்சுக்கிட்டு அஞ்சல்காரர் ஓட்டமா ஓடுவாரு. 1951ல தான் அது இந்தியத் தபால் துறையோட சேர்ந்துச்சு. இன்னைக்குத் தமிழ்நாடு முழுக்க அஞ்சல் நிலையம்னு போர்டு எழுதுறோமே, அந்தச் சொல்லு செங்கோட்டைக்காரங்க வாயில எப்பவோ இருந்த சொல்லு.

இன்னொண்ணு, இது தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 1936 நவம்பர் 12, சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டாரு. சமஸ்தானத்து அரசுக் கோயில்கள்ல எந்தச் சாதி இந்துவும் உள்ள போகலாம்னு ஆச்சு. மெட்ராஸ் மாகாணத்துல அதுக்குச் சட்டம் வந்தது 1939ல. அப்போ கணக்குப் பாருங்க, கிட்டத்தட்ட மூணு வருஷம், செங்கோட்டை பக்கத்துல ராஜா ஆணைப்படி உள்ள போக முடிஞ்ச ஒரு மனுசன், எட்டு கிலோமீட்டர் தள்ளி தென்காசி கோபுரத்துக்கு வெளிய நின்னுருக்கான். கோடுங்கறது மேப்புல மட்டும் இருக்கற விஷயமா?

சேர்ந்த கதைக்கு வாரேன். திருவிதாங்கூர்ல இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோட சேக்கணும்னு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிச்சு, தெக்க மார்ஷல் நேசமணி, செங்கோட்டையில சட்டநாத கரையாளர். 1954 ஆகஸ்ட் 11 அன்னைக்கு மார்த்தாண்டம், புதுக்கடை பக்கம் போலீஸ் சுட்டதுல உயிர்கள் போச்சு. அப்புறம் மாநில மறுசீரமைப்புக் கமிஷன் வந்து, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைன்னு அஞ்சு தாலுகாவைத் தமிழ்நாட்டுக்குக் குடுக்கலாம்னு சொல்லிச்சு. முதல் நாலும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு. செங்கோட்டை தாலுகா மட்டும் முழுசா வரல. மலைக்குக் கிழக்க உள்ள பகுதி நமக்கு, மேற்க ஆரியங்காவு, தென்மலை, அச்சன்கோவில் எல்லாம் கேரளாவுக்கு. ஒரு தாலுகாவை ரெண்டா வெட்டினாங்க, வெட்டுன கத்தி மலை உச்சியில போச்சு, ஆனா அதுக்கு அடியில குகைக்குள்ள தண்டவாளம் முழுசா தான் கிடந்துச்சு. நவம்பர் ஒண்ணாம் தேதியும் வண்டி அதே மாதிரி போயிட்டு வந்திருக்கும்.

உங்க பந்தயக் காசுல ரெண்டு பேரும் ஒரு டிக்கெட் எடுத்து கொல்லம் போயிட்டு வாங்க.

வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர்னு படிச்சேன், ஆனா சம்பவம் நடந்தது மணியாச்சியில. அவருக்கு இந்த ரயில் பாதையோட ஏதாவது தொடர்பு உண்டா சார்? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், சிவகாசி)

வாஞ்சிநாதன் 1886ல செங்கோட்டையில பொறந்தவரு, புனலூர்ல திருவிதாங்கூர் வன இலாகாவுல வேலை பாத்தவரு. அதாவது ஊரு பாதையோட இந்த முனையில, வேலை அந்த முனையில. ஒரு விஷயத்தை யோசிங்க தம்பி, அவரு வெள்ளைக்காரன் நேரடியா ஆண்ட சீமையில பொறக்கல, சமஸ்தானத்துப் பிரஜை. எல்லைக்கு இந்தப் பக்கம் தூத்துக்குடியில வ.உ.சியோட சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கினது, அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் ஜெயில்ல போட்டது எல்லாம் சமஸ்தானத்துக்கு வெளிய நடந்தது. ஆனா அந்த வேதனை எல்லையைத் தாண்டிப் போயிருக்கு.

1911 ஜூன் 17 காலையில, அந்த அடக்குமுறைக்குக் காரணம்னு கருதப்பட்ட திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோட மணியாச்சி ஜங்ஷன்ல முதல் வகுப்புப் பெட்டியில உக்காந்திருந்தப்போ வாஞ்சி சுட்டாரு. அப்புறம் பிளாட்பாரத்துல இருந்த கழிப்பறைக்குள்ள போய்த் தன்னையும் சுட்டுக்கிட்டாரு. வயசு 25. அந்த ஸ்டேஷன் இப்போ வாஞ்சி மணியாச்சி. செங்கோட்டையில அவருக்குச் சிலை இருக்கு, மணிமண்டபமும் இருக்கு. பரீட்சைக்கு வருஷமும் தேதியும் மனப்பாடம் பண்ணுங்க, அது தேவை தான், ஆனா ஒரு நாள் நேர்ல போய் அந்தச் சிலைக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க.

எஸ்.ஜி. கிட்டப்பாவோட "எஸ்" என்ன? (வாசகி, கும்பகோணம்)

செங்கோட்டை தான்ம்மா. செங்கோட்டை கங்காதரன் மகன் கிட்டப்பா. 1906ல பொறந்து 1933ல போயிட்டாரு, 27 வயசு. மைக் இல்லாத காலத்துல, நாடகக் கொட்டகையில கடைசி வரிசையில உக்காந்தவனுக்கும் கேக்கற மாதிரி பாடின குரல். கே.பி. சுந்தராம்பாளும் அவரும் கல்யாணம் பண்ணிக்கிட்டது, அவரு போன அப்புறம் அந்தம்மா வெள்ளை உடுத்தி வாழ்நாள் பூரா இருந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பழைய இசைத்தட்டுப் பதிவு கிடைச்சா ராத்திரி சத்தம் அடங்கினப்புறம் கேளுங்க.

நாங்க மதுரை சௌராஷ்டிரக் குடும்பம். எங்க பாட்டி ஆரியங்காவைப் பத்திப் பேசும்போதெல்லாம் "சம்பந்தி வீடு"ன்னு தான் சொல்லுவாங்க. மலையாள தேசத்துக் கோயில் எங்களுக்கு எப்படி சம்பந்தி வீடாச்சு? (வாசகி, மதுரை)

பாட்டி சரியா தான் சொல்லியிருக்காங்கம்மா. ஆரியங்காவு ஐயனுக்கும் புஷ்கலா தேவிக்கும் வருஷா வருஷம் மார்கழியில, மண்டல பூஜையை ஒட்டி திருக்கல்யாணம் நடக்கும். அந்த புஷ்கலை சௌராஷ்டிரக் குடும்பத்துப் பொண்ணுங்கறது ஐதீகம். துணி வியாபாரத்துக்கு மலையைக் கடந்து போனவரு தன் பொண்ணைக் கூட்டிட்டுப் போனதாவும், காட்டு வழி கஷ்டம்னு கோயில்ல விட்டுட்டுப் போனதாவும், அவ ஐயனோட ஐக்கியமாயிட்டதாவும் சொல்லுவாங்க. அதனால இன்னைக்கும் மதுரையில இருந்து உங்க சமூகத்து ஆளுங்க பொண்ணு வீட்டுக்காரங்களா சீர் கொண்டு போறாங்க, கோயில் தரப்பு மாப்பிள்ளை வீடா நின்னு வரவேற்குது. பாண்டியன் முடிப்புன்னு நிச்சயதார்த்தம், அப்புறம் கல்யாணம், விருந்துன்னு முறைப்படி நடக்கும். இந்தக் கதையையே நல்லா பாருங்க, உள்ள இருக்கறது ஒரு வியாபாரி கிழக்க இருந்து மேற்க இதே கணவாயைக் கடந்த கதை தான்.

இதே மாதிரி அச்சன்கோவில். கேரளாவுல இருக்கு, ஆனா மார்கழித் திருவிழாவுக்கு புனலூர்ல இருந்து புறப்படற திருவாபரணப் பெட்டி செங்கோட்டை, தென்காசி வழியா வந்து தான் அச்சன்கோவில் போகும், போலீஸ் காவலோட. தென்காசியில வச்சு சனங்க கூட்டமா நின்னு கும்பிடுவாங்க.

கொல்லம் மெயில்னு ஒரு வண்டி இருந்துச்சாமே, எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்போ ஏன் இல்ல? இந்த லைன் ஏன் இப்படிக் களையிழந்து போச்சு? (வாசகர், கடையநல்லூர்)

அப்பா ஞாபகம் சரி. மீட்டர் கேஜ்ல சென்னை எழும்பூர்ல இருந்து மதுரை, விருதுநகர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியா கொல்லத்துக்கு ஓடின வண்டி அது. உங்க ஊருக்கு மேல தான் போச்சு, விருதுநகர் தென்காசி லைன் 1927ல வந்தது. சாயங்காலம் எழும்பூர்ல ஏறினா காலையில சன்னல் வழியா மலை தெரியும்.

களையிழந்ததுக்குக் காரணம் ஒரே நாள்ல நடந்தது இல்ல. முதல் அடி 1958ல, கோட்டயம் வழி திறந்தப்போ. அதுக்கப்புறம் எழுபதுகள்ல எர்ணாகுளம் திருவனந்தபுரம் பாதை அகலப் பாதையாச்சு, கேரளாவோட கூட்டமும் சரக்கும் அந்தப் பக்கம் திரும்பிருச்சு. அப்புறம் நாகர்கோவில் லைன். செங்கோட்டைக்கு மீட்டர் கேஜே மிஞ்சுச்சு. சுத்தி எல்லா இடத்துலயும் அகலப் பாதை வர வர, மீட்டர் கேஜ் வண்டி போய்ச் சேர்ற இடம் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. 2004ல விருதுநகர் பக்கம் அகலமாச்சு, பொதிகை எக்ஸ்பிரஸ் வந்துச்சு, அது சந்தோஷம் தான், ஆனா அது செங்கோட்டையோட நின்னுரும். 2012ல திருநெல்வேலி பக்கமும் முடிஞ்சுது. மலைப் பாதை?

2010 செப்டம்பர்ல மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினாங்க. கடைசி நாளு கூட்டத்தைப் பாக்கணுமே, பெட்டியில இடமில்ல, படியில தொங்கிக்கிட்டு, வயசான ஆளுங்க எல்லாம் கோயில் தேருக்கு வந்த மாதிரி வந்து நிக்காங்க, ஒரு தாத்தா எஞ்சினைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. சீக்கிரம் முடிச்சுருவாங்கன்னு எல்லாரும் நம்பினோம். புனலூர் செங்கோட்டை தூரம் 49 கிலோமீட்டர், அந்த 49 கிலோமீட்டருக்கு ஏழரை வருஷம் ஆச்சு. குகையைப் பெருசாக்கணும், பழைய பாலத்தைப் பலப்படுத்தணும், மலைச்சரிவு, மழை, எல்லாம் நியாயமான கஷ்டம் தான், அதை நான் மறுக்கல. ஆனா அந்த ஏழரை வருஷம் ரெண்டு பக்கமும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்த சனங்க பஸ்ல இடிபட்டாங்க. எங்க மதினி ஒருத்தங்க தென்மலை பக்கம் வாக்கப்பட்டவங்க, முன்னாடி மாசம் ரெண்டு தடவை பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரயில்ல வந்துருவாங்க, அந்த வருஷங்கள்ல மலை வளைவுல பஸ்ஸுல வாந்தி எடுத்து எடுத்து, வர்றதே பொங்கலுக்கு ஒரு தடவைன்னு ஆயிப்போச்சு. அந்தப் பேரன் தாய்மாமன் வீட்டு ஆளுங்களை அடையாளம் தெரியாமலே வளர்ந்தான். வண்டியை நிறுத்தினா போறது இதெல்லாம் தான்.

2018ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது. இப்பவும் மலையில வேகம் முப்பதைத் தாண்டாது, இப்பவும் பின்னாடி எஞ்சின் கோர்க்காங்க. பழைய பேருல வண்டி இல்லாட்டியும் சென்னை கொல்லம் வண்டி இருக்கு, அப்பாவைக் கூட்டிட்டு அதுல போங்க. பகல்ல மலையைக் கடக்கற வண்டியா பாத்து எடுங்க.

அண்ணாச்சி, எங்க தாத்தாவோட பழைய பத்திரம் ஒண்ணு பெட்டியில கிடந்துச்சு. எங்க ஊரு புளியரை. எழுத்து மலையாளம், தேதி "கொல்லம் 1098 மகரம்"னு போட்டிருக்கு. 1098ன்னா தொள்ளாயிரம் வருஷப் பழசா? வீட்டுல எல்லாரும் பயந்து போயிருக்கோம். (வாசகர், புளியரை)

பயப்படாதீங்க, அவ்வளவு பழசு இல்ல. அது கொல்ல ஆண்டு, சமஸ்தானத்துப் பத்திரம் எல்லாம் அந்தக் கணக்குல தான் இருக்கும். வருஷம் சிங்ஙத்துல, அதாவது நம்ம ஆவணியில பொறக்கும். கணக்கு லேசு. ஆவணியில இருந்து மார்கழிப் பாதி வரைக்கும்னா 824 கூட்டணும், ஜனவரியில இருந்து ஆடி முடியற வரைக்கும்னா 825 கூட்டணும். மகரம்னா நம்ம தை. அப்போ 1098ஓட 825, ஆக 1923 ஜனவரி, பிப்ரவரி வாக்குல எழுதின பத்திரம்.

மாசப் பேரும் சொல்லிருதேன், வேற பத்திரம் கிடைச்சா உதவும்: மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி, சிங்ஙம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி.

நில அளவு ஏக்கர், சென்ட்ல இல்லாம இத்தனை பறை விதைப்பாடுன்னு இருந்தா குழம்பாதீங்க, எவ்வளவு விதை விதைக்கிற நிலம்னு சொல்ற கணக்கு அது. தொகை சக்கரத்துல இருந்தா மேல சொன்ன இருபத்தெட்டு கணக்கை வச்சுப் பாருங்க. மலையாளம் படிக்கத் தெரிஞ்ச வயசானவங்க உங்க ஊருல இன்னும் இருப்பாங்க, அவங்க கிட்ட முதல்ல வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, எல்லை சொல்லும்போது வரப்பு, ஓடை, மரம்னு பேரு பேரா வரும், அதுல பாதி இடம் இன்னும் அங்கேயே இருக்கும். பட்டா விஷயமா வேணும்னா வக்கீல் மூலமா அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பு வாங்கிக்கிடுங்க. மடிப்புல கிழியாம, லேமினேஷன் பண்ணாம, காட்டன் துணியில சுத்தி வைங்க. வாசிச்சு முடிச்சதும் கிழக்கு எல்லையா என்ன எழுதியிருக்குன்னு எனக்கு ஒரு கார்டு போடுங்க.